நாகப்பனுக்குக் காய்ச்சல்

"கூட்டத்துல இன்னா சொல்லுவ?" என்றான் நாகப்பன்.

"நைனா காய்ச்சல்ல கிடந்தாருன்னு சொல்லுவேன்."

"மாத்திச் சொன்னே, கையை ஒடிச்சுடுவேன்."

மகள் திரௌபதி தலையாட்டினாள். இடது கை ஏற்கெனவே அவன் ஒடித்துக் கோணலாகக் கூடியதுதான். அதை நினைத்தாலும் அவளுக்கு இப்போது ஒன்றும் ஆவதில்லை.

முகத்துவாரத்தில் வலை கட்டக் கோட்டைக்குப்பத்தில் ஒவ்வொரு படகுக்கும் முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். தன் பாட்டில் மீன் விழவில்லை என்ற ஆத்திரத்தில், நேற்று வரதன் கட்டியிருந்த வலையை நாகப்பன் அறுத்துவிட்டான். படகைக் கழி ஊன்றித் தள்ளியவள் திரௌபதி.

பழி, வலைக்குக் காவலிருந்த வரதனின் கூலியாள் சுப்பன்மேல் விழுந்தது. "நாகப்பன் படகை தூரத்துல பார்த்தேன்" என்று அவன் கதறினான். இப்படி வழக்கு வந்தால், பேர் அடிபட்டவன் வீட்டுப் பெண் சொல்வதுதான் குப்பத்தில் கடைசிச் சொல். சுப்பன் தோற்றால் ஊரை விட்டு ஓட்டிவிடுவார்கள். மழை பொய்த்த வருஷம். ஓட்டப்பட்டவர்கள் பசி தாங்காமல் போய் ஏறுவது ஒல்லாந்தர் கோட்டைக்கு எதிரே நிற்கும் அடிமைக் கப்பலில்தான்.

"சொல்லும்மா, உங்க நைனா நேத்து எங்க இருந்தாரு?" என்று கரையில் கூடிய கூட்டத்தில் கேட்டார் நாட்டாமை பெரியசாமி.

"வீட்ல. காய்ச்சல்."

சுப்பன் மணலில் உட்கார்ந்துவிட்டான். நாகப்பன் புறப்பட எழுந்தான். திரௌபதி அதே குரலில் தொடர்ந்தாள்.

"வரதன் பேரை எடுத்தாலே நைனாவுக்கு நடுக்கம். கதவைச் சாத்துன்னு அழுதாரு."

"அடப் பாவமே!" என்றான் வரதன். "மடியில போட்டுத் தாலாட்டுனியா?"

கரையே சிரித்தது. நாகப்பனின் கழுத்து நரம்பு புடைத்தது. அது புடைத்தால் அடுத்து என்ன வரும் என்று திரௌபதிக்குத் தெரியும்.

"எவன்டா அழுதது? உன் வலையை அறுத்தவனே நான்தான்டா! இன்னாடா பண்ணுவ?"

சிரிப்பு நின்றது.

இந்தப் பருவம் முழுக்க நாகப்பனுக்குப் பாடு கிடையாது என்றார் பெரியசாமி. சுப்பன் திரௌபதியைப் பார்த்துக் கும்பிட்டான். அவள் கவனிக்கவில்லை.

வழியில் நாகப்பன் அவளை மறித்தான். "தெரிஞ்சேதான் சொன்னியா?"

"ஆமா, நைனா."

அறை விழுந்தது. கீழே கிடந்தவள் எழுந்து மணலைத் தட்டிவிட்டாள்.

"பாடு இல்லாம இன்னாத்தடி துன்றது?"

"நண்டு பொறுக்கலாம்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். பின்னால் அவன் கத்திக்கொண்டே வந்தான். என்ன கத்துகிறான் என்று அவள் காது கொடுக்கவில்லை.