பின்மூடியைத் திறந்தவன்

என் அண்ணனுக்குப் படிப்பு இருக்கிறது, வேலை இருக்கிறது, வாயும் இருக்கிறது. கைதான் சும்மா இருக்காது. அம்மா ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். இவன் வீட்டில் என் மேஜை மேல் இருந்த கேமராவின் பின்மூடியைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுல கார்டு எங்க இருக்கு? அம்மா போட்டோவை எல்லாருக்கும் அனுப்பலாம்னு பார்த்தேன்."

பிடுங்கி மூடினேன்.

"அது பிலிம்! வெளிச்சம் பட்டாலே போச்சு. அறிவு இருக்கா உனக்கு?"

"ரெண்டு செகண்ட்தானே திறந்தேன். இதுக்கு ஏன் இப்படிக் குதிக்கிற?"

ரெண்டு செகண்டாம். வீட்டுக்குத் தீ வைத்தவன் ஒரு குச்சிதானே கிழித்தேன் என்பானே, அந்த மாதிரி.

அந்தச் சுருளில் அம்மாவின் முகம் இருந்தது. முழு முகம். புற்று வந்த தாடையில் பாதியை எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், "இந்த மூஞ்சிய ஒரு தடவை எடுத்து வெச்சிடு" என்று அவளே கேட்டாள். போன் வேண்டாம் என்றுவிட்டாள். அண்ணன் போனில் எடுத்தால் சுருக்கமெல்லாம் மறைந்து யாரோ மாதிரி இருப்பாள். "நீ கழுவி எடுக்குற படத்துலதான் நான் நானா இருக்கேன்" என்பாள். பிலிம் கழுவுவதுதான் என் பிழைப்பே. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தேன். பிலிமில் அழித்துவிட்டு மறுபடி எடுக்க முடியாது. கண் கொட்டாமல் பார்த்தாக வேண்டும். அம்மாவை நான் அப்படி அதற்கு முன் பார்த்ததே இல்லை.

அந்த முகம் இனி இல்லை. படமும் போயிருந்தால் இவனை என்ன செய்வது?

குளியலறைக் கதவிடுக்கில் துணியைத் திணித்து, கும்மிருட்டில் பிலிமை டப்பாவுக்குள் சுற்றினேன். வெளியே கதவைத் தட்டினான்.

"இன்னும் எவ்வளவு நேரம்? நான் குளிக்கணும்."

"கதவைத் திறந்தே, கொன்னுடுவேன்!"

மருந்தை ஊற்றிக் குலுக்கும்போதெல்லாம் அவனைத் திட்டினேன். கழுவிய நெகட்டிவை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். கடைசியில் எடுத்தவைதான் சுருளின் வெளிச்சுற்றில் இருந்தவை. தலை வாரி, நிமிர்ந்து உட்கார்ந்து, அம்மா எனக்காகச் சிரித்த படங்கள். அத்தனையும் கன்னங்கரேலென்று கருத்திருந்தன. அடிச்சுற்றில் இருந்த முதல் படம் மட்டும் தப்பியது. வெளிச்சம் சரியா என்று பார்க்க நான் சும்மா அழுத்தியது அது. அப்போதுதான் இவன் கேமராவுக்குக் கை நீட்ட, "டேய், அதைத் தொடாதடா!" என்று அம்மா கத்தினாள்.

அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். முகமெல்லாம் கட்டு. அம்மாவால் பேச முடியாது. படத்தையே வெகுநேரம் பார்த்தாள். அதில் புருவம் நெரிந்து, கழுத்து நரம்பு புடைத்து, வாயை முழுக்கத் திறந்து, விரலை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அதான் ஒண்ணு நல்லா வந்திருக்கே. இன்னும் என்ன கோவம்?" என்றான் அண்ணன்.

நான் பதில் சொல்வதற்குள் அம்மா படத்தைத் திருப்பி அவன் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். படமும் அந்தப் பக்கம் போனது. அவன் தலை குனியும்வரை அவள் கையை இறக்கவில்லை.