யோகநாதன் இறுக்கிய வார்

வெள்ளவத்தையில் ஒருவர் வீட்டில் குதிரை வாங்கினால் ஒழுங்கைச் சனம் சும்மா இருக்குமா? ஓய்வுபெற்ற வங்கி மனேஜர் யோகநாதனின் மகள் ஹம்சிகா, பந்தயத்தில் கழித்துவிட்ட குதிரையொன்றை வாங்கி ஹெந்தளையில் ஒரு லாயத்தில் விட்டிருந்தாள். ஆனால் அதன்மேல் ஏறவேயில்லை. நீளக் கயிற்றில் பிடித்து வட்டமாக நடக்கவிடுவாள். பின்தொடைகளைச் சுற்றி மெத்தென்ற அகலப் பட்டி ஒன்று. முதுகில் சதை வைத்தால்தான் ஆளைச் சுமக்குமாம். தலையை அது தானாகத் தாழ்த்த வேண்டுமாம், அவசரப்படுத்தக் கூடாதாம்.

"நாயைக் கூட்டிக்கொண்டு போறமாதிரியெல்லோ சுத்துறாளாம். பிள்ளை எப்பதான் ஏறுவா, அண்ணை?" என்று மார்க்கெட்டில் நாலுபேர் காதுபட எங்கள் ஒழுங்கைச் சிவமணி மாமி கேட்டுவிட்டார். யோகநாதனுக்குச் சுருக்கென்றது.

அடுத்த ஞாயிறே வான் பிடித்து ஒழுங்கைக்காரர் எங்களை ஏற்றினார். "வந்து பாருங்கோ, கழுத்தை வில்லுமாதிரி வளைச்சு நிக்கும்."

ஹம்சிகா சப்பாத்து மாற்றப் போன நேரம், கடிவாளத்திலிருந்து வயிற்றுப்பட்டைக்குப் போகும் வார்களை இழுத்து இறுக்கினார். குதிரையின் நாடி நெஞ்சில் முட்டியது. வில்லுத்தான்! வேலிக்கு வெளியில் எங்களோடு நின்ற மாமிகூடப் படம் எடுத்தார். யோகநாதன் கயிற்றைப் பிடித்து நாக்கைத் தட்டினார். குதிரை நாலடி வைத்தது; தலையை விடுவிக்க முடியாமல் பின்னுக்கு நடந்தது; சடாரென்று பின்புறத்தால் குந்திவிட்டது. அவர் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்தார். லாயக்காரர் தாஸிம்தான் பாய்ந்து பிடித்தார்.

ஹம்சிகா ஓடிவந்து வார்களைக் கழற்றினாள். எழுந்து நின்ற குதிரையின் உடம்பெல்லாம் நடுங்கியது. கடைவாயில் இரத்தம்.

"உங்களை நம்பித்தானே விட்டிட்டுப் போனன், தாஸிம்?"

தாஸிம் யோகநாதனைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. கையில் கட்லட் இருந்ததல்லவா, வாய்க்கு வேலை இருந்தது.

"இனிக் குதிரையை இங்க விடேலாது," என்றாள் அவள்.

அப்போதுதான் மனிசனுக்கு வாய் திறந்தது. "நான்தான், பிள்ளை. இவைக்கு வடிவாக் காட்டோணுமெண்டு..."

"அதுக்கு நோகுமெண்டு தெரியேல்லையா, அப்பா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாங்கள் நம்பியிருப்போம்.

"தெரியும்," என்றார், நிலத்தைப் பார்த்தபடி.

கழுத்தைத் தடவக் கையை நீட்டினார். குதிரை கண்ணை உருட்டி, தலையை உயர்த்திக்கொண்டு பின்வாங்கியது. ஹம்சிகா தாஸிமிடம் மன்னிப்புக் கேட்டாள். பிறகு தகப்பனைப் பார்க்காமலே சொன்னாள்:

"வேலிக்கு வெளியில போய் நில்லுங்கோ, அப்பா."

வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். நாங்கள் கொஞ்சம் விலகி இடம் விட்டோம்.