ஒரே துப்பாக்கி நாள்

"இதுல ரெண்டே தோட்டாதான் போகும், மார்லிஸ். என்னோடதுல மூணு. கணக்கு தெரியுமில்ல?"

கடை மேசையில் சாய்ந்து சிரித்தான் என் அண்ணன் ஆர்லன். என் மனைவி மார்லிஸ் கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் வைத்தாள். பிறகு கண்ணைத் திறந்தாள். குழல் நுனியில் குறிபார்க்க வைத்திருந்த சின்ன மணி, அவள் பார்வைக்கு நேராக நின்றது.

கடைக்காரர் முதலில் நீட்டியது வேறொன்று. இறகு மாதிரி எடை. "லேடீஸுக்கு இதான் வசதி."

"காலையில தூக்கிட்டு நடக்க வசதிதான். சாயங்காலம் நூறு தட்டு சுட்டா, உதையில தோள் பழுத்துடும்," என்றாள் மார்லிஸ்.

அடுத்து வந்தது, இயந்திரம் காற்றில் எறியும் மண் தட்டுகளைச் சுடுவதற்கென்றே செய்த கனமான துப்பாக்கி. அதையும் திருப்பிக் கொடுத்தாள். "இதை நான் தூக்கி முடிக்கறதுக்குள்ள ஃபெசன்ட் சேவல் மாநில எல்லை தாண்டி அயோவா போய்ச் சேர்ந்திருக்கும்."

எங்கள் துப்பாக்கி கிளப்பின் அக்டோபர் போட்டியில் ஒரே ஒரு விதி. காலையில் சோள வயலில் ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழி வேட்டை, பிற்பகல் மண் தட்டு. இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி. இந்த வருடம் ஜெயிப்பவருக்கு மாநில அணியில் காலியாக இருந்த கடைசி இடம். போன வருடம் ஆர்லனிடம் ஒரே தட்டில் தோற்ற மார்லிஸுக்கு அந்த இடம் வேண்டும். ஆர்லனுக்கும்தான்.

அவள் எடுத்தது இரட்டைக்குழல். ஒன்றின் மேல் ஒன்று. நடுத்தர எடை.

"பழைய காலத்து வண்டி," என்றான் ஆர்லன். அவனுடையது ஒற்றைக்குழல் ஆட்டோமேட்டிக்.

சனிக்கிழமை காலை. அறுவடை முடிந்த வயலில் வரிசையாக நடந்தோம். ஆர்லன் காலடியில் சேவல் எழுந்தது. முதல் குண்டு தவறியது. இரண்டாவதும் தவறியது. மூன்றாவதில் விழுந்தது.

"மூணு," என்று விரலைக் காட்டினான்.

"முதல் ரெண்டும் எதுக்கு, அதை எழுப்பி விடறதுக்கா?" என்றாள் மார்லிஸ். அவள் பக்கம் எழுந்த சேவலுக்கு ஒரு குண்டே போதுமாக இருந்தது.

காலை வேட்டையில் ஆளுக்கு ஒரு பறவையோடு சமநிலை. பிற்பகல் மண் தட்டிலும் இருவரும் முதலிடத்தில் சமநிலை. வெற்றியைத் தீர்மானிக்கக் கடைசியாக ஒரு ஜோடித் தட்டு. முதல் தட்டு மூக்குக்கு முன்னால் குறுக்கே ஓடும். அதைச் சுட்ட சத்தத்திலேயே இரண்டாவது கிளம்பி, நேராகத் தூரத்துக்குப் பறக்கும். ஆளுக்கு இரண்டே தோட்டா.

ஆர்லன் துப்பாக்கி வாயைப் பார்த்தபடி நின்றான். குழல் வாயில் திருகும் சோக் என்ற குழாய்த்துண்டுதான், தோட்டாவிலிருந்து பாயும் சின்ன ரவைகள் எவ்வளவு பரவும் என்பதைத் தீர்மானிக்கும். கிட்டே வரும் தட்டுக்கு ரவை விரிந்து போக வேண்டும். தூரத்துத் தட்டுக்கு நெருங்கிப் போக வேண்டும். அவனுக்கு ஒரே குழல். விரிக்கும் சோக்கைத் திருகிப் போட்டான்.

"விடு!" என்று தட்டு எறிபவரிடம் கத்தினான்.

முதல் தட்டு தூள். இரண்டாவதைச் சுட்டான். ரவைகளின் இடைவெளியில் புகுந்து, ஒரு கீறல்கூட இல்லாமல் போய்ப் புல்லில் விழுந்தது தட்டு.

"காத்து," என்றான். கொடி அசையவேயில்லை.

மார்லிஸ் துப்பாக்கியை மடக்கி இரண்டு தோட்டா போட்டாள். கீழ்க்குழலில் விரிக்கும் சோக், மேல்குழலில் இறுக்கமான சோக். கடையில் அதை வாங்கியபோதே அவள் மனதில் இருந்தது இந்த ஜோடிதான்.

"விடு."

கீழ்க்குழல். முதல் தட்டு சிதறியது. இரண்டாவது கிளம்பியது. அவள் அவசரப்படவில்லை. போகட்டும், இன்னும் போகட்டும் என்பதுபோல் பின்தொடர்ந்தாள். மேல்குழல் முழங்கியது.

தூரத்தில் தட்டு இருந்த இடத்தில் கறுப்புப் புகை மட்டும்.

ஆர்லன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "மூணு போட்டிருந்தா அடிச்சிருப்பேன்."

"அடுத்த வருஷம் மூணு குழல் வாங்குங்க," என்றாள் மார்லிஸ்.

சிரித்துவிட்டான். தோற்றவன்தான் சிஸ்லிக் வறுக்க வேண்டும். முனகிக்கொண்டே ஆட்டுக்கறித் துண்டுகளை எண்ணெயில் போட்டான்.

பக்கத்து ஊர் கிளப்பிலிருந்து வந்திருந்த ஒருவர் என்னைத் தட்டினார். "நீங்க ஆர்லன் தம்பிதானே?"

"மார்லிஸ் புருஷன்," என்றேன்.