ஆட்டம் முடிகிறவரை வெடி வேண்டாம்

ஓய்வுபெற்ற ஹவில்தார் தோணிமாட பெம்மையாவுக்கு அன்று விடிந்ததிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. பின்னே? பதினொரு மணிக்கு ஹாக்கி அரையிறுதி. குடகு முழுக்க இருநூறு குடும்பங்கள் மட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிய திருவிழாவில் அவருடைய தோணிமாட குடும்பமும், அவருடைய பட்டாளத்துச் சிநேகிதர் சுபேதார் உத்தையாவின் மேக்கண்ட குடும்பமும் கடைசி நாலுக்குள் வந்து மோதுகின்றன என்றால் சும்மாவா? தோணிமாடவுக்கு கோல்கீப்பர், பெம்மையாவின் மகன் நாணையா. மேக்கண்டவுக்கு முன்வரிசை, உத்தையாவின் பேத்தி பொள்ளம்மா. பதினேழு வயசுப் பெண். பந்து அவள் மட்டையில் ஒட்டிக்கொண்டால் பிரித்தெடுக்க ஆள் கிடையாது.

"உம்ம மகன் கோல்ல நிக்கிறானா, இல்ல பஸ்ஸுக்கு நிக்கிறானாய்யா?" என்று முந்தின நாள் உத்தையா வம்புக்கு இழுத்திருந்தார். அதற்கு நல்ல காரமான பதில் ஒன்றைத் தயார் செய்துகொண்டு, ஒன்பதரை மணிக்கு காப்பித் தோட்டத்து மேட்டில் மூச்சு வாங்க ஏறிப் போனார் பெம்மையா. இரண்டு பேரும் சேர்ந்து மைதானத்துக்கு இறங்குவதாக ஏற்பாடு.

பதிலைக் கேட்க ஆள் இல்லை. உத்தையா நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஒரு காலில் கான்வாஸ் ஷூ, மற்றது மடியில். எதிரே தரையில் அவர் மனைவி தேச்சம்மா உட்கார்ந்திருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. எட்டு மணிக்கே எல்லாரும் மைதானத்துக்குப் போய்விட்டார்கள்.

"இப்பதாண்ணா," என்றாள் தேச்சம்மா. "ஷூ மாட்டிக்கிட்டே 'நெஞ்சு அடைக்குது தேச்சு'ன்னார். தண்ணி மொண்டுட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

பெம்மையா கையைப் பிடித்துப் பார்த்தார். எல்லையில் எத்தனையோ கைகளைப் பிடித்துப் பார்த்தவர் அவர். சந்தேகத்துக்கு இடமே இல்லை. "அடப்பாவி, இன்னிக்கா?" என்றார். கோபம்தான் முதலில் வந்தது. ஒன்பது வருஷம் ஒரே கூடாரத்தில் படுத்து, ஒரே தட்டில் சாப்பிட்டவன் சொல்லாமல் கொள்ளாமல் போனால் கோபம் வராமல் என்ன வரும்?

குடகில் சாவைச் சொல்லப் போக ஆள் வேண்டாம். வீட்டு வாசலில் அடுத்தடுத்து இரண்டு வெடி, அவ்வளவுதான். கேட்டவன் கலப்பையைக்கூடப் போட்டுவிட்டு வந்துவிடுவான். சுவரில் தொங்கிய இரட்டைக் குழல் துப்பாக்கியை எடுத்து, தோட்டா இரண்டையும் போட்டு, வாசலுக்கு வந்தார் பெம்மையா. கீழே மைதானம் தெரிந்தது. ஒலிபெருக்கியில் எவனோ தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தான். விசையில் விரல் போனபோதுதான் அந்த நினைப்பு வந்தது.

இப்போது சுட்டால் மேக்கண்டவுக்குத் தீட்டு. பதினொரு நாள் மட்டையைத் தொட முடியாது. தோணிமாட ஆடாமலே இறுதிக்குப் போய்விடும். அவர் பிறந்ததிலிருந்து ஏங்கிய இறுதி ஆட்டம். கூப்பிடாமல் வந்து நின்ற அந்த நினைப்பை நினைத்து அவருக்கே கூசிப்போயிற்று.

"கொஞ்சம் பொறுங்கண்ணா." தேச்சம்மா பின்னால் வந்து நின்றாள். "ஆட்டம் முடியட்டும்."

"தங்கச்சி, தப்பு. செத்த மனுஷனை வெச்சுக்கிட்டு ஒளிக்கிறதா?"

"தப்புதான். ஆனா புள்ளைங்க முதல் தடவையா இவ்வளவு தூரம் வந்திருக்கு. இவரு ஷூ மாட்டறதுக்குள்ள செத்தாருன்னு அதுங்க மட்டையைக் கீழ போடணுமா? அவருக்கு ஆட்டம் பாதியில நின்னா ஆகுமா, சொல்லுங்க?"

ஆகாது. அது பெம்மையாவுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? சிக்கிம் எல்லையில், பனியில், டிரான்சிஸ்டரில் ஹாக்கி வர்ணனை. குளிரில் பேட்டரி செத்துப்போகும். உத்தையா அதை எடுத்துக் கக்கத்தில் வைத்துச் சூடாக்கி மறுபடி போடுவார். ஒரு தடவை கடைசி ஐந்து நிமிஷத்தில் என்ன செய்தும் பேட்டரி உயிர் பிழைக்கவில்லை. ஜெயித்தது யார் என்று தெரிய ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை.

பெம்மையா துப்பாக்கியைத் தூணில் சாய்த்து வைத்தார்.

"நீங்க கீழ போங்க. நீங்க ரெண்டு பேரும் இல்லன்னா ஜனம் தேடி வந்துரும்," என்றாள் தேச்சம்மா. அழவில்லை. அழுதால் தோட்டத்தில் யார் காதிலாவது விழுமே!

மைதானத்தில் கால் வைத்ததும் பத்து பேர் பிடித்துக்கொண்டார்கள். "எங்கய்யா சுபேதார்?"

"வயித்துப்போக்கு," என்றார் பெம்மையா. வாயில் வந்த முதல் பொய் அதுதான். செத்தவனுக்கு வயிற்றுப்போக்கு! மேலே இருந்து உத்தையா தன்னைத் திட்டுகிற திட்டு அவருக்குக் காதில் விழுகிற மாதிரியே இருந்தது.

"பயத்துல புடுங்கியிருக்கும்," என்றார் தோணிமாட குடும்பத்துப் பெரியவர் சிட்டியப்பா. எல்லாரும் சிரித்தார்கள். பெம்மையாவும் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வார்?

ஆட்டம் தீப்பிடித்தது. ஆறாவது நிமிஷத்திலேயே தோணிமாடவுக்கு ஒரு கோல். சுற்றியிருந்தவர்கள் குதித்தார்கள், பெம்மையாவுக்கு எழுந்திருக்கக் கால் வரவில்லை. இடைவேளைக்கு முன் பொள்ளம்மா மூன்று பேரைச் சுற்றவிட்டு ஒன்று திருப்பினாள். அவ்வளவுதான், கிழவர் நாற்காலி கவிழ எழுந்து, தொப்பியை ஆகாசத்தில் எறிந்து, "அடி! அடிடி என் ராஜாத்தி!" என்று கத்தினார்.

சிட்டியப்பா முறைத்தார். "பெம்மையா, உமக்கு எந்த வீட்டுலய்யா சோறு போடறாங்க?"

"நல்ல ஆட்டத்தைப் பாராட்டக் கூடாதா?"

"பாராட்டும். எதுக்கு அழறீர்?"

"தூசி."

இரண்டாம் பாதியில் தோணிமாட இன்னொன்று போட்டது. மேக்கண்ட மறுபடி சமன் செய்தது. பெம்மையா தன் பங்குக்கும் கத்தினார், வராதவன் பங்குக்கும் கத்தினார். தொண்டை கட்டிப்போயிற்று. ஒவ்வொரு தடவையும் வலப்பக்கம் திரும்பி, "பாத்தியா?" என்று கேட்க வாய் எடுத்து, அங்கே முன்பின் தெரியாத ஒருவன் கடலை கொறிப்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

இரண்டுக்கு இரண்டு. பெனால்டி. ஆளுக்கு ஐந்து அடி. நாலு முடிந்தும் சமம், ஐந்தாவதைத் தோணிமாட பையன் வெளியே அடித்துவிட்டான். மேக்கண்டவின் ஐந்தாவதுக்குப் பொள்ளம்மா வந்து நின்றாள். போட்டால் ஜெயம். எதிரே நாணையா, கையை விரித்துக்கொண்டு.

'இக்குத்தப்பா,' என்று குடகுச் சாமியை வேண்டினார் பெம்மையா, 'இந்த ஒரு தடவை என் மகன் தோத்துப்போகட்டும்.' பெற்ற தகப்பன் வேண்டுகிற வேண்டுதலா இது?

நாணையா இடப்பக்கம் பாய்ந்தான். பந்து வலப்பக்கம் போயிற்று.

மைதானமே எழும்பிற்று. கொட்டு முழங்கிற்று. யாரும் பிடிப்பதற்குள் பெம்மையா வேலியைத் தாண்டி, எழுபத்தாறு வயசு முழங்காலை மறந்து, மேட்டில் ஓடினார். ஜெயிச்சாச்சுய்யா, உம்ம பேத்தி ஜெயிச்சுட்டா! பாதி மேட்டில்தான் அவருக்கு உறைத்தது. நாளைக்கு இறுதி ஆட்டம். இப்போது வெடித்தால் மேக்கண்ட அதில் ஆட முடியாது. முன்னால் இருக்கிற குன்றைப் பிடிக்கிற அவசரத்தில் அதற்குப் பின்னால் இருக்கிற குன்றை மறந்துவிட்டாரே! ஒரு சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

தேச்சம்மா கணவரின் முகத்தைக் கழுவி, தலை சீவி, மற்ற ஷூவையும் மாட்டியிருந்தாள். "யாரு?" என்றாள்.

"நீங்கதான். பொள்ளு போட்ட கடைசி அடி."

அவள் உத்தையாவின் தோளில் தட்டினாள். "கேட்டுச்சா?"

பெம்மையா தயங்கித் தயங்கி நாளைய ஆட்டத்தைச் சொன்னார். "இன்னும் ஒரே ஒரு நாள் தங்கச்சி. கதவைச் சாத்திக்கிட்டு..."

"வேண்டாண்ணா. அதுங்க இப்ப ஜெயிச்ச சந்தோஷத்துல தாத்தா கிட்ட சொல்லத்தான் ஓடி வரும். அதுங்க மூஞ்சியப் பாத்து நான் என்ன பொய் சொல்வேன்? ஜெயிச்சது ஜெயிச்சதுதான், அது எங்கயும் போகாது." தூணோரம் போய்த் துப்பாக்கியை எடுத்தவள், அவர் கையில் கொடுக்கவில்லை. தானே வாசலில் இறங்கி, குழலை உயர்த்தி, அடுத்தடுத்து இரண்டு வெடி வெடித்தாள்.

கீழே கொட்டு நின்றது. ஒலிபெருக்கியும் நின்றது.

பொள்ளம்மாதான் முதலில் வந்தாள், மட்டையும் கையுமாக. பின்னாலேயே ஊர் வந்தது. பெம்மையா எதையும் ஒளிக்கவில்லை. ஒன்பதரை மணியிலிருந்து நடந்ததை எல்லார் முன்னாலும் சொன்னார். சிட்டியப்பாவின் முகம் சிவந்தது. "காலையிலயே தெரியுமா? அப்ப வெடிச்சிருந்தா நம்ம பசங்க ஆடாமலே..." பாதியில் அவருக்கே வெட்கமாகப் போயிருக்க வேண்டும், நிறுத்திக்கொண்டார்.

போட்டி நடத்துகிறவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தார். மேக்கண்டவுக்குத் தீட்டு என்பதால் தோற்ற தோணிமாடவுக்குத்தான் இறுதி ஆட்டம். விதி அப்படி என்றார்.

"நாங்க ஆடலை," என்றார் பெம்மையா. "எனக்கும் தீட்டுதான்."

"நீங்க வேற குடும்பமாச்சே, ஹவில்தாரே."

"ஒன்பது வருஷம் ஒரே தட்டுல தின்னவன்யா நான். எழுதிக்கும், நாங்களும் தீட்டு."

நாணையா அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான். கால்காப்பைக்கூட அவன் இன்னும் கழற்றவில்லை. "சரிப்பா," என்றான் மெல்ல.

பொள்ளம்மாவை மடியில் கிடத்தியிருந்த தேச்சம்மா தலையைத் தூக்கினாள். "என்ன சரி? யாரைக் கேட்டு சரி? ஒரு ஆட்டம் நின்னுடக் கூடாதுன்னு பொணத்துக்கு முன்னால மூணரை மணி நேரம் வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். இப்ப அவரு பேரைச் சொல்லி நீங்க இன்னொரு ஆட்டத்தை நிறுத்துவீங்களா? டேய் நாணையா, நாளைக்கு நீ கோல்ல நிக்கிற. எங்களோட மோதின மாதிரியே மோதற. போ, போய்க் குளிச்சுட்டு வந்து உன் மாமாவைத் தூக்கு."

நாணையா குனிந்து கால்காப்பின் வாரை அவிழ்த்தான்.

அதைப் பார்த்த பிறகுதான் தேச்சம்மா அழ ஆரம்பித்தாள். தோட்டம் முழுக்கக் கேட்கிற அழுகை. பெம்மையா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, உத்தையாவின் ஷூவைப் பிடித்துக்கொண்டு, கட்டிப்போன தொண்டையோடு தானும் அழுதார்.