தீர்மானம் நிறைவேறும் வரை ஜீப் நகராது

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்த ஜீப், வெள்ளிக்கிழமை மதியம் வரை ஷாகிரின் பட்டறையை விட்டு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஷாகிருக்கு ஜீப்பின்மேல் கோபம் இல்லை. அது வாயில்லாத ஜீவன். அதற்கும் சேர்த்து வாய் முழுவதும் அதன் சொந்தக்காரரிடம் இருந்தது.

சொந்தக்காரர் பெயர் திருவேங்கடம். மாட்டுங்காவாசி. வங்கி ஒன்றில் பெரிய நாற்காலியில் இருந்துவிட்டுப் போன வருஷம் ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் சிலர் காலையில் நடக்கப் போவார்கள், சிலர் சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசுவார்கள். இவர் நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் ஒன்றை வாங்கினார். அதேபோல் வாங்கிய இன்னும் பதினோரு பேரைத் திரட்டி ‘மேற்குமலை சாகசச் சங்கம்’ ஆரம்பித்து, யாரும் கேட்காமலே அதற்குத் தலைவரும் ஆனார். சங்கத்துக்கு லெட்டர்ஹெட் உண்டு, ரப்பர் ஸ்டாம்ப் உண்டு, முதுகில் புலி போட்ட டி-ஷர்ட் உண்டு. மலைக்கும் ஒரு தடவை போய்வந்தார்கள். லோனாவாலாவில், ஹைவே ஓரமாக, நல்ல இட்லி கிடைக்கிற ஹோட்டல் வரைக்கும்.

அடுத்த தடவை நிஜமாகவே மலை ஏறுவதாகத் திட்டம். அதற்கு ராக் ஸ்லைடர் வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கதவுக்குக் கீழே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் ஓடுகிற தடித்த இரும்புக் குழாய் அது. பாறையில் இடித்தால் வண்டியின் விலா நசுங்காது. குழாய் அடியை வாங்கிக்கொள்ளும், வண்டி அதன்மேல் சறுக்கிக்கொண்டு போய்விடும். தாராவியில் இந்த வேலை தெரிந்த பட்டறைகள் அதிகமில்லை. ஷாகிருக்குத் தெரியும். தெரிந்துவைத்திருந்ததுதான் இப்போது வினையாகப் போயிற்று.

“சார், இதுல ரெண்டு விதம் உண்டு,” என்று திங்கட்கிழமை சொல்லியிருந்தான். “ஒண்ணு சேசிஸ்ல, அதான் வண்டியோட அடிச்சட்டத்துல, காலூணி நிக்கும். வண்டியோட மொத்தக் கனத்தையும் தாங்கும், கீழ ஜாக் வச்சுகூடத் தூக்கலாம். இன்னொண்ணு பாடியோட ஒட்டிக்கிடும். கனம் கம்மி, தரைக்கும் வண்டிக்கும் நடுவுல இடம் கூடக் கிடைக்கும். ஆனா பலமா அடிபட்டா பாடிதான் உள்ள போகும். பெறவு கதவு தொறக்காது. நீங்க மலைக்குப் போறதுன்னா சேசிஸ்லயே போட்டுருவோம்.”

நாலு நிமிஷத்தில் முடிந்த பேச்சு. திருவேங்கடம் கைப்பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார்.

“அப்படி ஒருத்தர் சொன்னார்னு எடுத்துட முடியாது பாருங்கோ. பன்னெண்டு வண்டிக்கும் ஒரே மாதிரி போடப் போறோம். கம்பாரட்டிவ் ஸ்டடி பண்ணணும். இடது பக்கம் ஒரு விதம், வலது பக்கம் இன்னொரு விதம் மாட்டி வையுங்கோ. நான் மெம்பர்களுக்கு சர்க்குலேட் பண்றேன்.”

மாட்டி வைத்தான். சேசிஸில் கம்பெனியே விட்டிருந்த துளைகள் இருந்ததால் இடது பக்கம் போல்ட் போட்டே நிறுத்தியாயிற்று. வலது பக்கம் பாடியைத் துளைத்தாக வேண்டும். வண்டிக்காரர் பக்கத்தில் நின்று ‘போடு’ என்று வாயால் சொல்லாமல் அடுத்தவன் வண்டியில் டிரில் வைப்பதில்லை என்பது ஷாகிரின் வழக்கம். ஆகவே அந்தக் குழாயை கிளாம்பில் கவ்வி வைத்திருந்தான்.

செவ்வாய்க்கிழமை திருவேங்கடம் முப்பத்தெட்டு பக்கத்தில் ஒரு அறிக்கை அனுப்பினார். புதன்கிழமை காட்கோபர் உறுப்பினர் ஒருவர் கனம் கூடுவது பற்றி ஆட்சேபம் எழுப்பினார். அதற்குக் கூட்டம் போட்டார்கள், கோரத்துக்கு வேண்டிய ஆட்கள் சேரவில்லை. வியாழக்கிழமை ஓட்டெடுப்பு. சேசிஸுக்கு ஆறு, பாடிக்கு ஆறு. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்ததில்லை.

இதெல்லாம் அவர்கள் பாடு என்று இருந்துவிடலாம். ஆனால் பட்டறையின் பின்சுவரை ஒட்டிப் பதினாலு இரும்பு ரேக்குகள் நின்றுகொண்டிருந்தன. அம்பர்நாத்தில் ஒரு மருந்து ஃபாக்டரிக்கு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு டெம்போ வரும். சனிக்கிழமை அங்கே இன்ஸ்பெக்‌ஷன். ஏற்கனவே இரண்டு தடவை தேதி சொல்லித் தவறியாயிற்று. மூன்றாவது தடவையும் தவறினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக மேனேஜர் மராத்தியில் சொல்லி, புரியாமல் போய்விடக் கூடாதென்று இந்தியிலும் சொல்லியிருந்தார். அந்த ஃபாக்டரி வேலை போனால் பட்டறையில் இரண்டு பேரை நிறுத்த வேண்டியதுதான். பட்டறையோ ஒரு வண்டி நிற்கிற இடம். ஜீப் வெளியே போகாமல் ரேக் வெளியே வராது.

ஜும்மா முடிந்து ஷாகிர் பட்டறைக்குத் திரும்பியபோது திருவேங்கடம் புலி போட்ட டி-ஷர்ட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் வெற்றிக்களை.

“முடிவாயிடுத்து ஷாகிர்! ராத்திரி எமர்ஜென்சி கமிட்டி. ஏகமனதான தீர்மானம்.”

ஷாகிருக்கு உயிர் வந்தது. “எது சார்? சேசிஸா, பாடியா?”

“ரெண்டும்.”

“என்னது?”

“ஒரே ஸ்லைடரை சேசிஸ்லயும் பிடிக்கறோம், பாடிலயும் பிடிக்கறோம். எந்தத் தரப்புக்கும் மனக்கசப்பு இல்லை. நான்தான் ப்ரபோஸ் பண்ணேன்.”

வெல்டர் மாரீஸ்வரன் முகமூடியைக் கழற்றிக் கீழே வைத்தான். இந்த முகத்தை இருட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் போதாது என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஷாகிர் பொறுமையைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னான். “சார், பாடி சேசிஸ் மேல ஒட்டி நிக்கல. நடுவுல ரப்பர் இருக்கு. பள்ளத்துல இறங்கினா சேசிஸ் ஒரு பக்கமா முறுக்கும், பாடி அது இஷ்டத்துக்கு ஆடும். அதுக்குத்தான் ரப்பரே. ரெண்டையும் ஒரே குழாயில கட்டிப் போட்டா ஏதாவது ஒண்ணு கிழிஞ்சிரும்.”

“ஒரு காலை ரயில்லயும் ஒரு காலை பிளாட்பாரத்துலயும் வச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி சார்,” என்றான் மாரீஸ்வரன். “ரயில் கெளம்புற வரைக்கும் சொகமாத்தான் இருக்கும்.”

“டெக்னிக்கலா நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா ஸ்தாபனம்னு ஒண்ணு இருக்கோல்லியோ? சேசிஸ்தான்னு போட்டா ஆறு பேரைத் தலைவர் தோக்கடிச்சார்னு ஆயிடும்.”

“மலையில போயி வண்டி கிழிஞ்சா?”

“அதை அப்போ கமிட்டி பாத்துக்கும்.”

ஷாகிர் மணியைப் பார்த்தான். ஒன்றே முக்கால். “சார், நமக்கு இது ஒத்து வராது. என் கையால அந்த வேலையைச் செய்ய மாட்டேன். அரை மணிநேரத்துல எல்லாத்தையும் கழட்டித் தாரேன். வண்டியை எடுத்துட்டுப் போயிருங்க. போதும், காசும் வேண்டாம்.”

திருவேங்கடம் சாவிக்கொத்தைப் பேண்ட் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார். “தீர்மானம் அமலாகாம வண்டியை எடுத்தா நான் என்னன்னு மினிட்ஸ்ல எழுதறது?”

“அவரு உக்காந்திருக்கதப் பாத்தா ரேக்கோட சேத்து அம்பர்நாத்துக்கு ஏத்தி விட்டுரலாம் போலருக்கு பாய்,” என்று மாரீஸ்வரன் காதருகே முணுமுணுத்தான்.

அந்தச் சமயத்தில்தான் சந்து முனையில் ஆட்டோ ஒன்று நின்றது. கைத்தடியும் தோள்பையுமாக இறங்கிய அம்மாள், கழிவு நீரைத் தாண்டித் தாண்டிப் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். திருவேங்கடத்தின் மனைவி மாலதி. செம்பூரில் முழங்காலுக்கு ஃபிசியோதெரபி முடித்து வீட்டுக்குப் போயிருக்கிறார். வீடு பூட்டியிருந்தது.

“ஏன்னா, ஆத்துச் சாவியையும் இதே கொத்துல போட்டு எடுத்துண்டு வந்துட்டேள். போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கறேள். வாசல்ல லிஃப்ட்காரன் ஸ்டூல்ல உக்காந்துண்டிருந்தேன், முக்கால் மணி.”

“முக்கியமான டிஸ்கஷன் மாலதி.”

“அஞ்சு நாளாவா?”

ஷாகிர் ஸ்டூலை இழுத்துப் போட்டான். “உக்காருங்க மேடம். நீங்களாவது சாரு கிட்ட சொல்லுங்க. நாலு மணிக்குள்ள இந்த வண்டி வெளிய போகலேன்னா என் பொழப்பு போயிரும்.” என்ன தகராறு என்பதையும், இடப்பக்கக் குழாயையும் வலப்பக்கக் குழாயையும் காட்டிச் சுருக்கமாகச் சொன்னான்.

மாலதி உட்காரவில்லை. ஜீப்பின் இடது பக்கம் போனார். சேசிஸிலிருந்து கிளம்பிய குழாய் கதவுக்கு வெளியே நாலு விரல் அகலத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் காலை வைத்தார், கைப்பிடியைப் பிடித்தார், ஏறினார், உட்கார்ந்தார். அங்கிருந்தவர்களில் அதிகம் திகைத்தவர் மாலதிதான்.

“எட்டு மாசமாச்சு இந்த வண்டி வாங்கி,” என்றார் மேலிருந்து. “நான் ஏறினது ரெண்டே தடவை. ரெண்டு தடவையும் வாட்ச்மேன் முக்காலி கொண்டுவந்து போட்டார். பக்கத்தாத்து சுப்புலக்ஷ்மி பால்கனிலேர்ந்து வேடிக்கை பார்த்தா.”

இறங்கி வலது பக்கம் போனார். அங்கே குழாய் பாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. செருப்பின் நுனிகூட நிற்கவில்லை.

“இதுல பல்லிதான் ஏறும். ஷாகிர், அந்தப் பக்கம் இருக்கறதே ரெண்டு பக்கமும் போட்டுடுங்கோ.”

“மாலதி, இது படிக்கட்டு இல்லை. ராக் ஸ்லைடர்!”

“இருந்துட்டுப் போகட்டும். பாறை வரவரைக்கும் நான் ஏறிக்கறேன்.”

“கமிட்டில ஏகமனதா...”

“உங்க கமிட்டில எத்தனை பேருக்கு முட்டி நன்னா இருக்கு?”

திருவேங்கடம் பதில் சொல்ல வாயெடுத்தார், பிறகு மனசுக்குள் எண்ணினார். பன்னிரண்டில் ஒன்பது பேர் அறுபதைத் தாண்டியவர்கள். காட்கோபர் ஆட்சேபக்காரர் லோனாவாலாவில் ஜீப்பிலிருந்து இறங்குவதற்கு இரண்டு சர்வர்கள் தேவைப்பட்டார்கள். திருவேங்கடத்தின் முகம் மெல்ல மாறிற்று. புதிய தீர்மானம் ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது.

“போடட்டுமா சார்?” என்றான் ஷாகிர்.

“ம்...”

“வாயால சொல்லணும்.”

“போடுங்கோ.”

மாரீஸ்வரன் ஏற்கனவே வலப்பக்கக் கிளாம்பைக் கழற்றிவிட்டிருந்தான். சேசிஸுக்கான கால்கள் இரண்டு பக்கத்துக்கும் செய்து தயாராக இருந்ததால் போல்ட் இறுக்குகிற வேலைதான் பாக்கி. ஷாகிரே வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டான். அங்கே ஒரு சௌகரியம், திருவேங்கடம் பேசுவது பாதிதான் கேட்டது. அவர் போனில் தட்டச்சு செய்தபடியே உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்.

“‘விரிவான சுமைப் பரிசோதனைக்குப் பின்னர், தலைவர் தமது விசேஷ அதிகாரத்தின் கீழ்...’ மாலதி, உன் வெயிட் எவ்வளவு? ரிப்போர்ட்ல போடணும்.”

“போட்டுப் பாருங்கோ.”

அவர் போடவில்லை.

மூன்று ஐம்பதுக்கு வேலை முடிந்தது. நாலு மணிக்கு டெம்போ சந்துமுனையில் வந்து நின்று ஹாரன் அடித்தது. திருவேங்கடம் ஸ்லைடரை முன்னாலிருந்து ஒரு படம் எடுத்தார், பின்னாலிருந்து எடுத்தார், மண்டியிட்டு எடுத்தார்.

“சார், டெம்போ நிக்கு.”

“ஒரே ஒரு ஆங்கிள்.”

டெம்போக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. “அரே சேட், ரோட்ல போலீஸ் வரும்! ஜல்தி!”

மாலதி கணவரின் பேண்ட் பைக்குள் கைவிட்டுச் சாவிக்கொத்தை எடுத்தார். வலது பக்கம் போய், இப்போது அங்கேயும் முளைத்திருந்த குழாயில் கால் வைத்து ஏறி, டிரைவர் ஸீட்டில் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். முப்பது வருஷம் ஆபீசுக்குத் தானே கார் ஓட்டிப் போனவர். ஜீப்பைத்தான் அவர் கையில் யாரும் கொடுத்ததில்லை.

சந்து வளைகிற இடத்தில், டெம்போக்கள் சுவரை உரசாமல் இருக்க ஒரு வீட்டுக்காரர் பாறாங்கல் ஒன்றைப் பாதி புதைத்து வைத்திருந்தார். ஜீப்பின் முன்சக்கரம் அதைத் தாண்டியது. பின்சக்கரம் வருவதற்குள் கிறீச்சென்று ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டது, குழாய் கல்லின் தலைமேல் வழுக்கியது, தொப்பென்று இறங்கியது. மாலதி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். கதவு வெண்ணெய் மாதிரி திறந்தது, வெண்ணெய் மாதிரி மூடியது.

ஐந்து நாளில் முதல் தடவையாக ஷாகிருக்கு மனசு நிறைந்தது. திருவேங்கடம் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடினார்.

“பெயின்ட்! புது பெயின்ட் போயிடுத்தே! ஒரு சாண் நீளத்துக்குக் கீறல்!”

“சார், அது அதுக்குத்தான் இருக்கு!” ஷாகிர் கத்தியே விட்டான். “கல்லுல உரசத்தான் போட்டிருக்கு!”

“அதெல்லாம் மலையில. இப்பவே கீறலோட எப்படிப் படம் அனுப்பறது? மாலதி, ரிவர்ஸ் எடு! உள்ள விட்டு டச்சப் பண்ணிண்டு...”

மாலதிக்குக் காது கேட்கவில்லை, அல்லது நன்றாகக் கேட்டது. ஜீப் தொண்ணூறடி ரோட்டில் திரும்பி மறைந்தது. புலி போட்ட டி-ஷர்ட் அதன் பின்னால் ஓடி, நடந்து, ஆட்டோ ஒன்றுக்குக் கை காட்டியது.

டெம்போ பின்பக்கமாகவே சந்துக்குள் வந்து பட்டறை வாசலில் நின்றது. ஷாகிரும் மாரீஸ்வரனும் முதல் ரேக்கை இரண்டு முனையிலும் பிடித்தபோது போனில் ஒரு மெசேஜ் வந்தது. ஷாகிர் எடுத்துப் பார்த்தான். சங்கத்தின் லெட்டர்ஹெட். ஸ்லைடரில் கீறல் விழுந்த சூழ்நிலையை ஆராய மூன்று பேர் கொண்ட துணைக்குழு நியமிக்கப்பட்டிருக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்குப் பட்டறையைப் பார்வையிடும்.

மாரீஸ்வரன் எட்டிப் படித்தான். “மூணு பேரும் மூணு வண்டியிலயா பாய் வாராங்க?”

“மொதல்ல ரேக்கத் தூக்கும்வே,” என்றான் ஷாகிர்.