கார்த்திகேசு படித்த குளம்படி

தன்னை மட்டம் தட்டிக்கொள்ளக் கார்த்திகேசு ஒரு கதை வைத்திருந்தான். யாராவது அவனைப் புத்திசாலி என்று சொல்லிவிட்டால் போதும், உடனே எடுத்துவிடுவான். "எம்பத்தி நாலுல மாட்டு வாய்க்குள்ள கைய விட்டவன் அந்தப் புத்திசாலிதான் லா" என்று ஆரம்பிப்பான்.

அப்போது அவன் மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் ஒரு தோட்டத்தில், களை எடுக்கும் பெண்களை மேய்க்கும் மண்டோர். பழைய ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு, எண்ணெய்க்காகச் செம்பனைக் கன்றுகள் நட்டிருந்தார்கள். கன்றுகளை ஏதோ ஒன்று அடியில் கடித்துச் சாய்த்துக்கொண்டிருந்தது. தோட்டத்துத் துரை அவனைக் கோலா குபு பாரு ஊருக்கு இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார். காலடி, எச்சம், பல் பட்ட இடம் இவற்றைப் பார்த்து வந்துபோன விலங்கு எது என்று சொல்லும் பயிற்சி. மண்டோராகப் போனவன் பெரிய வேட்டைக்காரனாகத் திரும்பி வந்தான். கையில் காலடிப் படங்கள் அச்சடித்த தாள் கட்டு. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கோழி குறுக்கே போனால்கூடக் குனிந்து பார்த்துத் தலையாட்டினான்.

துரைக்கு ஒரே பதில்தான் வேண்டியிருந்தது. கடிப்பது காட்டு விலங்கு என்றால் கன்றுகளுக்குக் கம்பி வலை. லயத்து மாடு என்றால் தோட்டத்தில் இனி ஒரு மாடும் இருக்கக்கூடாது.

திங்கட்கிழமை கார்த்திகேசு தாளும் கையுமாகப் போய்ப் பார்த்தான். கன்றுகளைச் சுற்றிக் களை எடுத்த வட்டங்கள் துடைத்துவிட்டது போல் கிடந்தன. வட்டத்துக்கு வெளியே, பாதையில், இரண்டாகப் பிளந்த குளம்படிகள். மூன்றாம் பக்கத்துப் படத்தில் வைத்தால் அச்சாகப் பொருந்தின. 'மாடு, சந்தேகமில்லை' என்று இங்கிலீஷில் எழுதி, கையெழுத்தை வழக்கத்தைவிடப் பெரிதாகப் போட்டான். மறுநாளே உத்தரவு வந்தது. சனிக்கிழமை லோரி வரும், எல்லா மாடுகளையும் ஏற்றிவிட வேண்டும்.

அமராவதி அவனிடம் களை எடுப்பவள். புருஷன் இல்லை. இரண்டு பசுக்கள் இருந்தன. மகள் சந்திரிகா பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவம் படிப்பது அந்தப் பாலில்தான். புதன்கிழமை காலை, பெரட்டில் பெயர் கூப்பிடும் நேரத்துக்கு, அவள் ஒரு பசுவை ஓட்டிக்கொண்டு வந்து நின்றாள். இன்னொரு கையில் கடிபட்ட செம்பனைக் கன்று.

"மண்டோரே, இதப் பாருங்க. மேலயும் பல்லு பட்டிருக்கு, கீழயும் பட்டிருக்கு. உளி வச்ச மாதிரி. இப்ப எம்மாட்டு வாயில கைய விடுங்க."

"எதுக்கு?"

"விடுங்க லா. படிச்சிட்டு வந்தவருதானே."

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விட்டான். மேல்வாயின் முன்பக்கம் வெறும் ஈறு, பல்லே இல்லை. மாட்டுக்கு மேலே முன்பல் கிடையாது என்பது ஆறு வயதிலிருந்து புல் அறுத்துப் போட்ட அவனுக்குத் தெரியாததல்ல. தாள் கட்டில் இல்லை, அதனால் மறந்துபோயிருந்தான். பசு அவன் விரல்களை ஆசையாக நக்கியது.

"காலடி மாட்டோடதுதானே இருந்துச்சு?" என்று இழுத்தான்.

"மத்த காலடிய எல்லாம் நாங்கதானே கூட்டித் தள்ளுனோம். தொர வர்றதுக்குள்ள வட்டத்த வெளக்குமாறு போட்டுக் கூட்டுங்கடின்னு தெனம் கத்துறது யாரு?"

அவனேதான். காலையில் தடயத்தை எல்லாம் அழிக்கச் சொல்லிவிட்டு, பத்து மணிக்குத் தாளோடு போய்த் தடயம் தேடியிருக்கிறான். இப்படி ஒரு துப்பறியும் ஆளைப் பயிற்சி கொடுத்தவர்களே பார்த்திருக்க மாட்டார்கள்.

வியாழக்கிழமை யாரையும் கூட்ட விடவில்லை. வட்டத்துக்குள் குழந்தையின் பாதம் போலச் சின்னத் தடங்கள், பக்கத்தில் எதையோ இழுத்துப்போன கோடுகள், கறுப்பும் வெள்ளையுமாக ஒரு நீள முள். முள்ளம்பன்றி தன் பெயரை எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தது. அந்த முள்ளைக் காலால் மண்ணுக்குள் தள்ளிவிடலாமா என்று அவன் ஒரு நிமிஷம் யோசித்தான். வரும் மாதம் அவனுக்குத் தோட்டத்தில் மண்டோருக்கு மேல்படியான கண்டக்டர் வேலை கிடைப்பதாக இருந்தது. பிறகு அதை எடுத்துக்கொண்டு, அமராவதியையும் கடிபட்ட கன்றோடு கூட்டிக்கொண்டு நேரே ஆபீசுக்குப் போனான்.

"அப்போ ஏன் மாடுன்னு எழுதினே?" என்றார் துரை.

"மத்த காலடிய நான்தான் தொரை கூட்டச் சொல்லிட்டேன்."

"இப்போ மட்டும் உன்னை எப்படி நம்புறது?"

"என்னைய நம்ப வேணாம் தொரை. வெளிய அமராவதி நிக்குது. அதக் கேளுங்க."

களை எடுக்கும் பெண் யாரும் அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. அமராவதி வந்து, கடிபட்ட கன்றை மேசையில் வைத்து, பல் விஷயத்தைச் சொன்னாள்.

"மாட்டுக்கு மேல்பல் இல்லைன்னு யார் பார்த்தது?"

"நான்தான் தொரை" என்றான் கார்த்திகேசு. "கைய விட்டே பாத்துட்டேன்."

துரை சிரித்து முடிக்க வெகுநேரமானது. உத்தரவைக் கிழித்துப் போட்டார். கண்டக்டர் வேலைக்கு வேறு ஆளைப் பார்க்கும்படி கணக்கெழுதும் கிராணியிடம் அதே சிரிப்போடு சொன்னார்.

கதையை எப்போதும் இந்த இடத்தில் நிறுத்திவிடுவான். எல்லோரும் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு நடந்ததை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

வெளியே வந்ததும் அமராவதி கேலி செய்வாள் என்று காத்திருந்தான். அவள் ஆபீஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"படிப்ப நிறுத்திருவோம்னு உத்தரவு வந்த அன்னிக்கே சந்திரிகாகிட்ட சொல்லிட்டேன் மண்டோரே. அது போயி புத்தகத்த எல்லாம் கயித்தப் போட்டுக் கட்டி வச்சிருச்சு."

தான் பெரிதாகப் போட்ட கையெழுத்து அவன் கண்ணுக்கு முன்னால் வந்தது. 

"போயி அவுக்கச் சொல்லுங்கக்கா" என்றான். பத்து வருஷ மண்டோர் வேலையில் களை எடுக்கும் ஒருத்தியை அவன் அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.