யாழினி கேட்ட நாள்

1

இந்தக் கதையை ஒட்டுக் கேட்டுத்தான் எடுத்தேன். பனியன் வியாபாரம் நடக்கும் காதர்பேட்டையில் ஒரு பேக்கரி. பக்கத்து மேசைப் பெரியவர் போனில் கத்திக்கொண்டிருந்தார்: "என்ற புள்ள ஏரோப்ளேன் ஓட்டுதுங்க. தம்பி கல்யாணத்துக்கு லீவு ஏலம் எடுத்திருக்குது!"

என் கையிலிருந்த தேங்காய் பன் பாதி வழியில் நின்றது. லீவைப் போய் ஏலம் எடுப்பார்களா? அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் உண்மை தெரிந்துவிடும், அப்புறம் கதை எங்கிருந்து வரும்? ஆகவே நானே அவருக்கு அர்த்தநாரி என்று பெயர் வைத்தேன், ஒரு பனியன் கம்பெனி வைத்துக் கொடுத்தேன். மகள் யாழினி, சென்னையில் துணை விமானி. வருடம் 2007.

2

"மேகங்களுக்கு மேலே, சன்னலோரம் அமர்ந்திருந்த யாழினி..."

(அடித்துவிட்டேன். விமானி வேறெங்கே உட்காருவாள்?)

"சிறு வயதில் விமானத்தைப் பார்த்துக் கையசைத்த யாழினி, இன்று..."

(இதுவும் வேண்டாம். கதைகளில் வரும் விமானிகள் எல்லோரும் இதே கையைத்தான் அசைக்கிறார்கள்.)

சரி, நேராகவே சொல்கிறேன். அடுத்த மாதம் எந்த விமானம் வேண்டும், எந்த நாள் ஓய்வு வேண்டும் என்று யாழினியின் கம்பெனி விமானிகள் முன்கூட்டியே கம்ப்யூட்டரில் கேட்டு வைக்க வேண்டும். அதற்குப் பெயர் பிட்டிங். முதலில் வேலைக்குச் சேர்ந்தவர் கேட்டது முதலில் கிடைக்கும். யாழினியோ வரிசையின் வாலில் இருந்தாள். அவள் முறை வரும்போது ஞாயிறும் இருக்காது, பண்டிகையும் இருக்காது.

பிட்டிங் என்றதும் அர்த்தநாரி அதை ஏலம் ஆக்கிவிட்டார்; அவருக்குத் தெரிந்த ஏலமெல்லாம் அதிகம் தள்ளுபடி கேட்பவருக்கு விழும் ஏலச்சீட்டுத்தான்.

"அதிகமாத் தள்ளிக் கேட்டா உனக்கு விழாதா அம்மிணி?"

"இது சீட்டு இல்லீங்கப்பா. சீனியருங்க எடுத்தது போக மிச்சந்தான் எனக்கு."

"அப்பறம் எதுக்கு இதுக்கு ஏலம்னு பேரு?"

"அந்தப் பேரு நீங்க வெச்சதுங்கப்பா."

ஒரே ஒரு சலுகை உண்டு. வருடத்தில் ஒரு நாளை மட்டும் யார் கேட்டாலும் கொடுத்தே ஆக வேண்டும். விமானிகள் அதற்கு வைத்திருக்கும் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை; நான் தங்க நாள் என்கிறேன். தம்பி முகிலனின் கல்யாணத்துக்காக யாழினி அதைப் பத்திரமாக வைத்திருந்தாள். பத்திரிகை கைக்கு வந்ததும் அதில் அச்சடித்திருந்த வெள்ளிக்கிழமையைக் கேட்டாள். கிடைத்துவிட்டது.

3

இங்கேதான் வினை. வெள்ளிக்கிழமை விடிகாலை முகூர்த்தம். ஆனால் இணைச்சீர் முதல் நாள் சாயங்காலம் என்பதை அவள் யோசிக்கவில்லை.

(வெளியூர்க்காரர்களுக்காக: கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அவனோடு சேர்ந்து நின்று செய்கிற சீர் இது. மனைவி வந்தாலும் உனக்கு நான் இருக்கிறேன் என்று ஊரறியச் சொல்வது. அவள் இல்லாவிட்டால் பங்காளி வீட்டுப் பெண் யாராவது நிற்பாள்.)

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் யாழினி மும்பைக்குப் பறந்து திரும்ப வேண்டும். இறங்கியதும் கார் பிடித்தால் முகூர்த்தத்துக்கு வந்துவிடலாம். சீருக்கு வர முடியாது.

"பத்திரிகைல முகூர்த்தந்தான் கண்ணு போடுவாங்க. சீரு நேரத்தையுமா அடிப்பாங்க?" என்றாள் அம்மா மயிலாத்தாள். "போச்சாது உடு. பெரியப்பன் புள்ள அன்புசெல்வி நிக்கட்டும்."

"அத மட்டும் சொல்லாதீங்கம்மா" என்றாள் யாழினி. சொல்லிவிட்டுப் போனிலேயே அழுதாள். அவளை அழவைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. இது சிரிப்புக் கதையாகத்தான் தொடங்கியது.

4

அந்த வாரம் பார்த்து ஒரு புதுக் கம்பெனி அவளைக் கூப்பிட்டது. (இரண்டு கம்பெனிக்கும் பெயர் வைக்கவில்லை. வக்கீல் நோட்டீஸ் வாங்க எனக்குத் தெம்பில்லை.) அங்கே பிட்டிங்கே கிடையாது. கொடுக்கிற அட்டவணையை முதல் நாள் வரைக்கும் யாரோடும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கேப்டன் ஆவதற்கான வரிசையில் கடைசியாகப் போய் நிற்க வேண்டும்.

"ஷிப்ட் டெய்லரும் பீஸ் ரேட் டெய்லரும் மாதிரிதானுங்கப்பா" என்று விளக்கினாள்.

அர்த்தநாரிக்கு உடனே பிடிபட்டது. "தெக்கிற பீஸுக்குக் கூலி வாங்கற பீஸ் ரேட்டுக்காரன் நெனச்சப்ப வருவான், நெனச்சப்பப் போவான். ஆனா அவன எவனும் சூப்பர்வைசர் ஆக்க மாட்டான் அம்மிணி."

பழைய கம்பெனியில் பொறுத்திருந்தால் சில வருடங்களில் கேட்ட நாளெல்லாம் கிடைக்கும். அதற்குள் முகிலனுக்குக் கல்யாணம் முடிந்திருக்கும். புதுக் கம்பெனிக்குப் போவதென்றாலும் ஆறு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஆக, இந்தக் கல்யாணத்துக்கு இரண்டுமே உதவாது. ஒரு பத்தி முழுக்க எழுதிய பிறகுதான் இது எனக்கு உறைத்தது.

5

முடிவுகள்.

அ) வியாழக்கிழமை மழை கொட்டி மும்பை விமானம் ரத்தாகிறது. (எழுதுகிறவன் நினைத்தால் மழை வரும்தான். ஆனால் அந்த விமானத்திலும் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் இருப்பார்களே.)

ஆ) உடம்பு சரியில்லை என்று யாழினி லீவு போடுகிறாள். இதை எழுத எழுதவே அவள் என்னை மறித்தாள். "பொய் சொல்லிப்போட்டு வந்து சீருக்கு நிக்க மாட்டனுங்க." நான் பேனாவை மூடினேன்.

இ) கூட வேலை பார்க்கும் துணை விமானி குமாரவேல் போன் செய்கிறார். (மேலிடம் அனுமதித்தால் பழைய கம்பெனியிலும் அபூர்வமாக இப்படி மாற்றிக்கொள்ளலாம்.) "உங்க மும்பைய நான் ஓட்டறனுங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் என்னோட டெல்லிய நீங்க எடுத்துக்கோங்க. அன்னிக்கு என் மக முதல்முறையா மேடை ஏறி ஆடறா." சீரை முடித்த கையோடு அவள் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். தாலி கட்டும்போது இருக்க மாட்டாள்.

மூன்றாவது நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் தொல்லை.

6

"முகூர்த்தத்துல ஊரே கேக்குமுங்க, புள்ள எங்கன்னு. நான் என்ன சொல்றது?" என்று மயிலாத்தாள் கணவனைப் பிடித்துக்கொண்டாள்.

"முகூர்த்தத்துக்கு ஊரே வருது. சீருக்கு இவ ஒருத்திதான் வரோணும்" என்றார் அர்த்தநாரி.

சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றார் குமாரவேல். யாழினி தம்பிக்கே போன் போட்டாள். விஷயத்தைச் சொல்லி, "நீயே சொல்லு சாமி. எதுக்கு வரட்டும்?" என்று கேட்டாள்.

முகிலன் கம்பெனியில் இருந்தான். பின்னால் தையல் மெஷின்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. இருபத்தாறு வயது ஆண்பிள்ளை, எக்ஸ்போர்ட் ஆர்டர்களைத் தனியாகச் சமாளிக்கிறவன், சின்னப் பையனாகச் சொன்னான்:

"ரெண்டுக்கும் வாங்கக்கா."

நான் எழுதி வைத்திருந்த எந்த முடிவிலும் இந்த வாக்கியம் இல்லை. இதற்கு மேல் எழுத என்னால் ஆகவில்லை. குமாரவேலிடமிருந்து போன் வருகிறது, யாழினி எடுக்கப் போகிறாள். சீருக்கா, முகூர்த்தத்துக்கா, நீங்களே சொல்லுங்கள். உங்களுக்கும் கூடப் பிறந்தவர்கள் இருப்பார்கள். ஒன்று மட்டும், இரண்டுக்கும் போகட்டும் என்று சொல்லிவிடாதீர்கள். அதைத் தம்பி வாயால் ஒருமுறை கேட்டதே அவளுக்குப் போதும்.